தாய்மாமன் சீரில் ஒரு பாட்டுக் கோஷ்டி

இசக்கிப்பாண்டி முதலில் கேட்டது யானையைத்தான்.

தங்கச்சி மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். போன வருஷம் சிவகிரியில் ஒருவன் தன் தங்கச்சி மகள் சடங்குக்கு ஒட்டகத்தைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். அந்த ஒட்டகம் பந்தலில் கட்டியிருந்த வாழையை மென்று தீர்த்தது வேறு விஷயம். போட்டோவில் அது விழவில்லை. இளையரசனேந்தலில் மூன்று போர்வெல் லாரி வைத்திருக்கிற மனுஷன் ஒட்டகத்துக்கு மேலே ஒன்று செய்யாமல் வெளியே தலைகாட்ட முடியுமா? யானைக்கு அனுமதி கிடைக்கவில்லை. குதிரைக்காரன், குதிரைக்கு வயிறு சரியில்லை என்றான். செண்டை மேளம் இப்போது காதுகுத்துக்குக்கூட வருகிறது. ஆனி முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் விசேஷம் கிடையாது. அந்த நெருக்கடியில்தான், சங்கரன்கோவிலில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிற பையன்கள் இருப்பதாக யாரோ அவர் காதில் போட்டார்கள்.

"சொந்தமாவா? அப்பம் வேற எவனும் கொண்டுவந்திருக்க மாட்டாம்லா?" என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்தார்.

'காத்தாடி' என்ற அந்தக் கோஷ்டியின் தலைவன் கோமதிசங்கர், இந்த வரலாற்றில் யானை, குதிரை வருகிற பகுதிகளை நீக்கிவிட்டு, "நம்ம ஒரிஜினல் மியூசிக்குக்காகவே தேடி வந்திருக்காங்க" என்று மற்றவர்களிடம் சொன்னான். கோமதிசங்கர் இன்ஜினியரிங் படித்துச் சென்னையில் இரண்டு வருஷம் ஏசியில் இருந்துவிட்டு, கிடாரும் குறுந்தாடியுமாக ஊர் திரும்பியவன். தங்களை 'இண்டிபெண்டன்ட் பேண்டு' என்று சொல்லுவான். அப்படியென்றால் என்னவென்று டீக்கடையில் ஒருவர் கேட்டபோது, கீபோர்டு வாசிக்கிற முகம்மது ஆரிப், "யாரும் கூப்பிடலைன்னா இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்லுவாவ அண்ணாச்சி" என்றான். ஆரிப்புக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர்க் கடை. அந்தக் கடையின் பின்னறைதான் கோஷ்டி ஒத்திகை பார்க்கிற ஸ்டுடியோ.

கல்யாண ரிசப்ஷன், பள்ளிக்கூட ஆண்டுவிழா, கடைத் திறப்பு என்று மாசத்துக்கு ஒன்று கிடைக்கும். எல்லா இடத்திலும் சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள். சொந்தப் பாட்டை நுழைக்க ஒரே நேரம், பந்தி நேரம். கூட்டம் இலையில் கவனமாக இருக்கும்போது மேடையில் இவர்கள் தங்கள் பாட்டைப் பாடி முடித்துக்கொள்வார்கள். ரசத்துக்கும் மோருக்கும் நடுவே 'காத்தாடி'யின் கலை வளர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது ஆள் சுடலைராஜ். டிரம்ஸ். பிழைப்பு விசைத்தறியில். அவன் மனைவி ஜெயசித்ராவும் அதே கூடத்தில்தான் தறி ஓட்டினாள்.

சடங்கு வீட்டுச் செய்தி அவளுக்குக் கூடத்திலேயே வந்து சேர்ந்தது. காது வழியாக அல்ல. அத்தனை தறியும் ஒன்றாக ஓடுகிற இடத்தில் காதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு தறி தள்ளி நின்ற சுடலைராஜ், மூக்குக்கு முன்னால் கையைத் தும்பிக்கையாக ஆட்டினான். பிறகு அந்தக் கையை 'இல்லை' என்று அசைத்தான். பிறகு இரண்டு விரலை நீட்டிக் காற்றில் தட்டினான். யானைக்குப் பதில் நாங்கள்.

தறிக்காரர்களுக்கு அப்படி ஒரு பாஷை உண்டு. இரண்டு விரலைக் கத்திரியாக வெட்டினால் பாவில் இழை அறுந்தது. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ வந்தாயிற்று. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். இப்போதைய முதலாளி மழுங்கச் சிரைத்தவர். மீசை அவருடைய அப்பாவுடையது. அப்பா போய்ச் சேர்ந்தும் சைகை போகவில்லை. சுட்டுவிரலைச் சுற்றிக் காட்டினால் 'ஓடட்டும்'. கைப்பிடியை இழுக்கிற மாதிரி முஷ்டியை நெஞ்சோடு இழுத்தால் 'நிறுத்து'.

இருவரும் காதலித்ததே இந்தப் பாஷையில்தான். கல்யாணமாகி ஒரு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒருவர் குரல் ஒருவருக்குச் சரியாகத் தெரிந்தது. "உன் சத்தம் நான் நெனச்சதவிட ரொம்பப் பெரிசா இருக்குட்டி" என்று அவன் அப்போது சொன்னான்.

கொஞ்ச காலமாக அவன் அப்படிச் சொல்வதில்லை. வீட்டிலும் அவள் வாயைப் பார்த்தே பதில் சொன்னான். அடுப்பைப் பார்த்துக்கொண்டு அவள் பேசினால் பதில் வராது. டி.வி.யின் சத்தம் தெருமுனை வரைக்கும் போயிற்று. அவள்தான் அவனை இழுத்துக்கொண்டு திருநெல்வேலியில் காது டாக்டரிடம் போனாள்.

அங்கே ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார்கள். சுடலைராஜ் டாண் டாணென்று தூக்கினான். மிஷினை இயக்கிய பெண், "ரொம்ப நல்லா இருக்கே சார் காது!" என்று எழுதப் போய்விட்டாள். ஜெயசித்ரா வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷினை அணைத்த பிறகும் அவன் விரல் அதே கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு 'பீப்'பிலேயே இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, மீதியைத் தாளத்தில் ஓட்டியிருக்கிறான்.

மறுபடி சோதித்தார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போனது வராது. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். தறியா, டிரம்ஸா, ஒண்ணை விடுங்க. ரெண்டும் வேணும்னா காதை விடுங்க."

சடங்குக்கு முந்தின சனிக்கிழமை சாயந்திரம், கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றி வைத்துவிட்டு ஜெயசித்ரா பேச்சை எடுத்தாள்.

"இதான் கடைசி. இந்தச் சடங்கு வீட்டோட அந்தச் சட்டியெல்லாம் மூட்டை கட்டிருங்க."

"என்னது?"

அவள் தட்டுக்கு எதிரே, முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். "இதான் கடைசின்னேன்."

"அந்தப் பயலுவளுக்கு வேற ஆளு கெடைக்கணும்லாட்டி."

"சங்கரங்கோயில்ல தட்டுததுக்கா ஆளு இல்ல?"

"தட்டுததும் வாசிக்கதும் ஒண்ணா?"

"எனக்கு ரெண்டும் சத்தந்தான். தறி சோறு போடுது. டிரம்ஸு என்னத்தப் போட்டுச்சு? போன மாசம் செல்போன் கடை தெறப்புவிழாவுக்குப் போய்ட்டு, போன் கண்ணாடியில ஒட்டுத ஸ்டிக்கரு ஒண்ணு வாங்கிட்டு வந்தீங்க. அதுவும் நம்ம போனுக்குச் சேரல."

அவன் சிரித்தான். கருவாட்டு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு அந்த வீட்டுக்குத் தேவையில்லாத உரத்த குரலில் சொன்னான்: "நாள் பூரா தறி தட்டுது, நான் நிக்கேன். அது இஷ்டத்துக்குத்தான தட்டுது? அங்கன மேடையிலதான் என் இஷ்டத்துக்கு நான் தட்டுதேன். அத விடுன்னா?"

"உங்க இஷ்டத்துக்கு நாளைக்கி எம் பேச்சும் கேக்காமப் போவும்."

"அதுல ஒரு சவுரியம் இருக்குல்லா."

"வெளையாடாதீங்க." அவள் குரல் உடைந்தது. குரல் உடைந்தது அவனுக்குக் கேட்கவில்லை. உதடு கோணியதைப் பார்த்துத்தான் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"சங்கர்ட்ட இத்தன நாளா நீங்க சொல்லல. நாளைக்கி நானும் வண்டியில வாரேன். முடிஞ்சதும் நானே சொல்லுவேன்."

"பாப்போம்" என்றான். ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் இருக்க உதவும் அந்தச் சொல்லை அவன் நன்றாகப் பழகி வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சடங்கு வீடு இருந்த மேலநீலிதநல்லூரில் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. மேற்கே மலையிடுக்கில் புகுந்து வருகிற ஆனிக் காற்று, ஊர்ப் பேச்சில் மேகாத்து. செம்மண்ணை அள்ளிப் பல்லில் போட்டது. தூரத்துக் காற்றாலைகள் மூச்சுவிடாமல் சுற்றின.

ஊர் எல்லையில் சீர் அணிவகுத்தது. நூற்றியொரு தட்டு, தட்டுக்கொரு பெண். இரண்டு கிடா. ஒரு பீரோ. அதற்குப் பின்னால் ஒரு குட்டியானை வண்டி. யானை கிடைக்காத குறையை அந்தப் பெயராவது தீர்த்திருக்கும். அதன் மேல் 'காத்தாடி'. அதை ஒட்டி இன்னொரு வண்டியில் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு மேல் சாரம் கட்டி, இசக்கிப்பாண்டி கும்பிட்டபடி நிற்கும் பிளெக்ஸ். சடங்கான பிள்ளையின் படம் அதில் உண்டு: மாமாவின் கைக்கடிகார அளவுக்கு, வலதுபக்கக் கீழ் மூலையில்.

ஜெயசித்ரா வண்டியில் டிரம்ஸுக்கு எதிரே, சிம்பல் தாங்கி ஆடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மதினி, நீங்களும் நம்ம டீமா?" என்றான் கோமதிசங்கர். கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றியிருந்தான். "இன்னிக்கு நம்ம 'மேகாத்து' பாட்டுத்தான் ஓப்பனிங். ஒரு வாழ்விடத்தோட வலிய வாழ்விடத்துலயே பாடுதோம். இது ஒரு மொமென்ட், மதினி."

"சீக்கிரம் பாடுங்க தம்பி. வெயிலு ஏறுது."

அப்போது ஜெனரேட்டர் வண்டியில் அறிவிப்புக்காக மைக் பிடித்திருந்த பேச்சிராஜா தொண்டையைச் செருமினான். கட்சிக் கூட்டம், கபடிப் போட்டி, காணாமல்போன ஆடு என்று எதற்கும் ஒரே குரல் வைத்திருப்பவன்.

"இளையரசனேந்தல் தந்த ஈகைத் தங்கம், ஆழ்துளையின் அரசன், அண்ணாச்சி இசக்கிப்பாண்டி அவர்களின் தாய்மாமன் சீர்வரிசை! தட்டு நூற்றியொன்று! ஆட்டுக்கிடா இரண்டு! ஸ்டீல் பீரோ ஒன்று! இசைக்குழு ஒன்று!"

கோமதிசங்கரின் முகம் சுருங்கியது.

"பீரோவுக்கு அடுத்ததா சொல்லிட்டாம்லா" என்றான் ஆரிப். "கிடாவுக்கு முந்திச் சொல்லியிருக்கலாம்."

"வாயை மூடு ஆரிப்பு. அண்ணே, ரெடியா?"

கோமதிசங்கர் முன்னால் பார்த்தபடிதான் கேட்டான். சுடலைராஜிடமிருந்து பதில் இல்லை. ஆரிப் தலையை நிமிர்த்தி ஒரு வெட்டு வெட்டினான். உடனே சுடலைராஜ் குச்சியைத் தட்டித் தாளத்தைத் தொடங்கினான். ஜெயசித்ரா ஆரிப்பைப் பார்த்தாள். ஆரிப் கீபோர்டைப் பார்த்துக்கொண்டான்.

*மேகாத்தே மேகாத்தே,*
*எவன் வீட்டு பல்பெரிய*
*எங்க காட்டச் சுத்துதே?*

அதன் தாளம் ஜெயசித்ராவுக்கு நன்றாகத் தெரியும். அவன் தறியின் தட்டு அது. ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கம் போக ஒன்று, அந்தப் பக்கம் திரும்ப ஒன்று, நடுவே மூச்சுவிடுகிற மாதிரி ஒரு சின்ன நொண்டல். தறியில் அவன் அந்த நொண்டலைச் சரிசெய்ய வருஷக்கணக்காக முயன்றிருக்கிறான். டிரம்ஸில் அதை வேண்டுமென்றே வைத்திருந்தான். இந்தப் பாட்டுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வான்.

ஊர்வலம் பஞ்சாயத்துத் தண்ணீர்த்தொட்டியைத் தாண்டியது. பாட்டை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. பெண்கள் தட்டும் சேலையும் பறக்காமல் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். இரண்டு பெரியவர்கள் சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தார்கள். மண்டபத்து வாசலில் இசக்கிப்பாண்டியின் தங்கை கோமதித்தாய் ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

அப்போது மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது. சாரத்தின் ஒரு பக்கக் கயிறு அறுந்தது. இசக்கிப்பாண்டி கும்பிட்ட கை கும்பிட்டபடி அப்படியே முன்னால் சரிந்து, ஜெனரேட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமியது. புகை வந்தது.

"அண்ணாச்சி, உங்க மூஞ்சி மிஷினை அடைச்சிட்டு!" என்று கத்திக்கொண்டே ஜெனரேட்டர்காரன் சுவிட்சை அணைத்தான்.

"ஏலே, என் மூஞ்சிய எடுங்கலே!" என்றார் நிஜமான இசக்கிப்பாண்டி.

கிடார் செத்தது. கீபோர்டு செத்தது. 'ஈகைத் தங்கம்' என்று முழங்கிய மைக்கும் செத்தது. கோமதிசங்கர் வாயைத் திறந்தபடி நின்றான். உள்ளேயிருந்து ஏதோ வந்துகொண்டுதான் இருந்தது, இரண்டடிக்கு மேல் போகவில்லை.

டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை.

சுடலைராஜ் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. மின்சாரம் வேண்டாத தோலும் கட்டையும் பித்தளையும். காற்றோடு காற்றாக அடி தெருமுழுக்கப் பரவியது. ஜெயசித்ராவுக்குக் கண்ணாடி அறைக்குள் மிஷின் அணைந்த பிறகும் ஏறி இறங்கிய விரல் நினைவுக்கு வந்தது. இப்போது ஊரே பார்க்கிறது. கோமதிசங்கர் திரும்பினான். மேடை ஏறிய நாளிலிருந்து பாட்டின் நடுவே அவன் பின்னால் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, கரண்டு போய்ட்டு. அண்ணே! ஏன் நிறுத்த மாட்டேங்காரு? மதினி, அண்ணனுக்கு என்ன?"

அவள் சுடலைராஜின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்திருந்த பலகையில் ஸ்பீக்கரின் அதிர்வு இல்லாதது அப்போதுதான் சுடலைராஜுக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தான். கீபோர்டுக்கு மேலே தூக்கியபடி நின்ற ஆரிப்பின் கைகளைப் பார்த்தான். தொங்கிக்கொண்டிருந்த மைக்கைப் பார்த்தான். எவ்வளவு நேரமாக? அந்தக் கேள்வி முகத்தில் வெள்ளையாகப் படர்ந்தது. கை மட்டும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க, அவன் ஜெயசித்ராவைப் பார்த்தான்.

அவள் முஷ்டி ஏற்கெனவே மடங்கியிருந்தது. நெஞ்சோடு இழுக்க வேண்டியதுதான். அதற்காகத்தானே வந்தாள்? இழுத்தால் இங்கேயே, இப்போதே முடிந்தது. யாருக்கும் தனியாகச் சொல்லவும் வேண்டாம்.

பெண்களின் கால்கள் கண்ணில் பட்டன. நூற்றியொரு தட்டும் ஒரே நடையில் போய்க்கொண்டிருந்தன. ஸ்பீக்கர் அலறியபோது ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தவர்கள், அந்த நொண்டல் விழுகிற இடத்தில் சேர்ந்தாற்போல ஒரு கணம் நின்று, மறு அடியில் சேர்ந்தாற்போலக் காலை எடுத்துவைத்தார்கள். முகம் சுளித்த பெரியவர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். வாசலில் கோமதித்தாய் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். தட்டுக்காரிகள் அதை வாங்கித் தொடர்ந்தார்கள். அத்தனை குலவையும் அவன் அடிக்கு மேல் போய் உட்கார்ந்தது.

அவனுக்கு அதில் எவ்வளவு கேட்டிருக்கும்? அவள் முஷ்டியை விரித்தாள். சுட்டுவிரலை நீட்டி, காற்றில் ஒரு வட்டம் போட்டாள்.

ஓடட்டும்.

அவன் நம்பாமல் பார்த்தான். அவள் மறுபடி சுற்றினாள், இந்தத் தடவை கையை உயர்த்தி. பிறகு சிம்பலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, மறு கையால் குலவை ஏறுகிற இடத்தையும் இறங்குகிற இடத்தையும் அவனுக்குக் காட்டிக்கொண்டு வந்தாள். மண்டபம் வரைக்கும் அப்படியே போனார்கள். கோமதிசங்கர் கடைசியில் கிடாரைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கையைத் தட்டினான். வேறு வழியில்லை.

பந்தியில் பிரியாணி. இசக்கிப்பாண்டி இலைக்கு இலை வந்து, "ஜெனரேட்டர நாந்தான் நிறுத்தச் சொன்னேன். எஃபெக்ட்டு!" என்று சொல்லிக்கொண்டு போனார்.

"இது ஒரு அன்பிளக்டு பெர்ஃபார்மன்ஸ்" என்று ஆரம்பித்தான் கோமதிசங்கர்.

"பிளக்கைப் புடுங்குனது அண்ணாச்சி மூஞ்சி" என்றான் ஆரிப்.

கோமதிசங்கருக்குச் சிரிப்பு வரவில்லை. எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த சுடலைராஜின் பின்பக்கம் சாய்ந்து, "அண்ணே, அந்தத் தண்ணிய எடுங்க" என்றான். சுடலைராஜ் எலும்பிலேயே கவனமாக இருந்தான். கோமதிசங்கர் இன்னொரு தடவை சொன்னான். பிறகு மெதுவாக நிமிர்ந்தான்.

"எவ்வளவு நாளா, மதினி?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். இன்னிக்கு உங்கட்ட சொல்லிட்டு, இவுகள நிறுத்திரணும்னுதான் வந்தேன்."

"ஆரிப்பு, உனக்குத் தெரியுமாலே?"

"தெரியாமலா தலைய இந்த ஆட்டு ஆட்டுதேன்? ஜனங்க நான் பாட்டுல லயிச்சிட்டேன்னு நெனைக்காவ. கழுத்து வலி எனக்குல்லா தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எப்பம்ல திரும்பிப் பாத்த?"

கோமதிசங்கர் நெற்றியிலிருந்த கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். எழுந்து போய் சுடலைராஜுக்கு எதிரே, பரிமாறுகிறவர்கள் நடக்கிற வழியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வாயை நன்றாகத் திறந்து, சத்தமில்லாமல் சொன்னான்: "அண்ணே. இனிமே நான் உங்களப் பாத்துத்தான் நிப்பேன்."

"ஜனங்களுக்கு முதுகக் காட்டிட்டா?" என்றான் சுடலைராஜ் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "நல்லதுலே. அந்தத் தாடி அவ்வளவு அழகில்ல."

தயிர்ப்பச்சடி வாளிக்காரர், "தம்பி, வழிய விடும்" என்றார்.

திங்கட்கிழமை கூடம் வழக்கம்போல் இரைந்தது. டீ வருவதற்கு முன்பே ஜெயசித்ரா முதலாளியின் அறைக்குப் போய்விட்டு வந்தாள். முற்றத்துக்கு அந்தப்புறம், சத்தம் எட்டாத கட்டடத்தில் துண்டு மடிக்கிற அறை. கூலி குறைவு. தறியில் நிற்க முடியாத வயசாளிகள்தான் அங்கே இருப்பார்கள். அவனுக்கு இது கசக்கும் என்று தெரியும். வழி நெடுகப் பதிலைத் தயார் செய்துகொண்டே வந்திருந்தாள்: காது போன தறிக்காரனைவிடக் காது கேக்குத மடிப்புக்காரன் எனக்குப் போதும். ஆனால் இந்தக் கூடத்தில் அவ்வளவு நீளமாகப் பேச முடியாது.

தறிக்கு நடுவே ஒருக்களித்து நடந்து அவன் எதிரே போய் நின்றாள். முஷ்டியை நெஞ்சோடு இழுத்தாள்.

அவன் பாவைப் பார்த்தான். இழை எதுவும் அறுபடவில்லை. என்ன என்று புருவத்தைத் தூக்கினான். அவள் மறுபடி இழுத்தாள். கையை முற்றத்துப் பக்கம் நீட்டி, காற்றில் ஒரு துண்டை மடித்து மடித்து அடுக்கினாள்.

புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. நாடா அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கைப்பிடியை இழுத்தான். தறி நொண்டிக்கொண்டே வந்து நின்றது. அத்தனை தறிகளுக்கு நடுவே ஒன்று நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கடைசித் தறியிலிருந்து ஒருவன் அவசரமாக இல்லாத மீசையை முறுக்கினான்.

சுடலைராஜ் அதைப் பார்க்கவில்லை. இரண்டு விரலை நீட்டி, பயந்து பயந்து, காற்றில் மெல்லத் தட்டினான்.

ஜெயசித்ரா சுட்டுவிரலைச் சுற்றினாள்.